ஊதினால் எரியும் விளக்கு

“ஏன்டா, விளக்கை ஊதினா அணையத்தானே செய்யும்? நீ என்ன, ஊதி ஊதி ஏத்துறே?” என்று ஆயா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் பிளாஸ்டிக் குழாய் இருந்தது. விளக்கை வாயால் ஊதி அணைப்பதே தப்பு, பூவை வைத்துக் குளிரவைக்க வேண்டும் என்று எங்களை வளர்த்தவர் அவர். அவர் கண்ணெதிரே வளவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காற்றடிக்கிற சோலார் லாந்தர் ஒன்றைக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தேன்.

காரணம் தைப்பூசம். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் எங்கள் கூட்டத்தில் இந்த முறை ஆறு பேர். விளக்கு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போன முறை செல்போன் வெளிச்சமே போதும் என்று கிளம்பினோம். இரண்டாம் நாள் இரவில் நான்கு பேர் போனில் சார்ஜ் இல்லை. ஐந்தாவது போன் அம்மானுடையது. அவர் அதை யாருக்கும் தருவதாக இல்லை. இருட்டில் கால் இடறி ஒருவனுக்கு நகம் பெயர்ந்தது. அம்மான் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் கேம்பிங் என்று சொல்வதில்லை. ஆனால் சிங்கம்புணரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து, இரண்டு மணிக்கே எழுந்து வெறுங்காலோடு நடப்பதற்கு வேறென்ன பெயர்? கூடாரம் ஒன்றுதான் குறை. சென்னையிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா மக்கள் அந்தக் குறையையும் தீர்த்தார்கள். பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் தோப்பில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கினோம். ஆக, விளக்குகளுக்கு மூன்று இடத்தில் பரீட்சை நடந்தது: ஆயா வீட்டு மொட்டைமாடி, தோப்பு, மார்கழியில் ஒத்திகையாக நடந்த பழனிப் பாதையின் முதல் ஒன்றரை நாள்.

போட்டியில் நின்றவை நான்கு. சோலாரில் மட்டுமே சார்ஜ் ஏறும் ஊதும் லாந்தர் ஒன்று, நான் கொடுத்தது 900 ரூபாய். அதே மாதிரி, ஆனால் யூஎஸ்பி வயரிலும் ஏறுவது இன்னொன்று, 1,600 ரூபாய். இழுத்தால் நீண்டு அமுக்கினால் சுருங்கும் கெட்டி பிளாஸ்டிக் சோலார் லாந்தர், 350 ரூபாய். சந்தைக் கடை வரைக்கும் வந்துவிட்ட சாமான் இது. நான்காவது, நெற்றியில் கட்டும் டார்ச், 450 ரூபாய்.

ஆயாவின் வேட்பாளர் பரணில் துணி சுற்றிக் கிடந்த அரிக்கேன் விளக்கு. அதை ஒரே வரியில் தள்ளுபடி செய்ய எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வளவின் தூண்கள் எல்லாம் வேறு மாதிரி நிற்கும். ஆனால் மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு. மூட்டைக்குள் சிந்தினால் வேட்டி, சட்டை, பட்சணம் எல்லாம் அதே வாசனை. கூடாரத்துக்குள்ளே அதைக் கொண்டுபோகவே கூடாது. நைலான் துணிக்குப் பக்கத்தில் தீ என்பது ஒரு பயம். மூடிய இடத்தில் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும் என்பது அதைவிடப் பெரிய பயம், அதற்கு வாசனைகூடக் கிடையாது.

சரி, ஒரு விளக்கை எதற்கு ஊத வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு கிடைத்துவிடும். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் தாக்கியது. லட்சக்கணக்கானவர்கள் கூடாரங்களில் இருட்டில் கிடந்தார்கள். அப்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த அன்னா ஸ்டோர்க், ஆண்ட்ரியா ஸ்ரேஷ்தா என்ற இரண்டு பேர், நிவாரணப் பெட்டியில் இடத்தை அடைக்காமல் தட்டையாக அடுக்கி அனுப்பக்கூடிய விளக்கு ஒன்றை யோசித்தார்கள். அதுதான் பிறகு லூமினெய்ட் என்று சந்தைக்கு வந்தது. எம்பவர்ட் என்ற வேறொரு கம்பெனி 2012-ல் லூசி என்ற பெயரில் வட்டமான ஒன்றைக் கொண்டுவந்தது. இன்று ஆன்லைனில் கிடைக்கும் பெயர் தெரியாத ஊதும் லாந்தர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் சாயலில்தான் இருக்கும்.

ஊதுவதன் முதல் லாபம், மூட்டையில் மிச்சமாகும் இடம். காற்றை இறக்கினால் என் விளக்கு ஓர் அதிரசத் தட்டு அளவுக்கு வந்துவிடுகிறது. எடை ஒரு டம்ளர் தண்ணீரைவிடக் குறைவு. இரண்டாவது, சின்னச் சின்ன எல்இடி பொட்டுகள் கண்ணைக் குத்தாமல், பால் நிறப் பைக்குள் பரவி மெத்தென்று வருகின்றன. காற்றின் வேலை அவ்வளவுதான். காற்று இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். வீட்டு அலமாரியிலேயே இருக்கப்போகிற விளக்குக்கு இந்த இரண்டு லாபத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கிக்கொண்டு நடப்பவனுக்குத்தான் இது.

வெயில்

இந்த விளக்குகளைப் பற்றி எல்லோரும் லூமென் கணக்கில், அதாவது எவ்வளவு வெளிச்சம் என்ற அளவில், பேசுகிறார்கள். நான் இரண்டு மாதம் உருட்டிப் பார்த்ததில் லூமென் பிரச்சினையே இல்லை, சார்ஜ்தான் பிரச்சினை.

ஒரு சின்னக் கணக்கு. என் சோலார்-மட்டும் விளக்கின் பேட்டரி 1,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட். பெருக்கினால் 3,700 மில்லி வாட்-மணி, அதாவது 3.7 வாட்-மணி மின்சாரம் அதில் அடங்கும். தலையில் இருக்கும் பேனல் 0.8 வாட். காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் நம் பக்கத்து வெயிலை உச்சி வெயிலாகச் சுருக்கினால், நல்ல நாளில் சுமார் 5 மணி நேரம் வரும். ஐந்தை 0.8-ஆல் பெருக்கினால் 4 வாட்-மணி. ஆகா, ஒரே நாளில் நிறைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பேனல் சூடானால் அதன் திறன் குறையும், சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டும் தன் பங்கைத் தின்னும். கால் பங்குக்கு மேல் போய்விடும். கையில் வருவது 3-க்கும் கீழே. அதாவது மேகமே இல்லாத ஒரு முழு நாளில், யாரும் நகர்த்தாமல், நிழலே விழாமல் இருந்தால் முக்கால் பங்கு.

ஐப்பசியில் இதைச் சோதித்தது என் முட்டாள்தனம். வடகிழக்குப் பருவமழை நேரம். மூன்று நாள் வானம் மூடியே இருந்தது. மூன்று நாளும் விளக்கை மொட்டைமாடியில் ஏற்றி இறக்கினேன். மூன்றாம் நாள் ராத்திரி குறைந்த வெளிச்சத்தில் வைத்தும் ஒரு மணி நேரத்தில் மலையேறிவிட்டது. யூஎஸ்பி உள்ளதை அதே நேரத்தில் அடுப்படிப் பிளக்கில் போட்டேன். இரண்டரை மணி நேரத்தில் நிறைந்தது.

மார்கழியில் வானம் தெளிந்த பிறகு கதை மாறியது. அப்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களில் நடுப்பகலில் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் நிற்பான். பேனலை அப்படியே படுக்கவைத்தால் போதும். தை மாதத் தொடக்கத்தில் அவன் 30 டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெற்கே சாய்ந்திருப்பான். அப்போது படுக்கவைத்த பேனல் உச்சிப் பொழுதிலேயே ஏழில் ஒரு பங்கை இழக்கும். அடியில் ஒரு செங்கல் துண்டை வைத்துத் தெற்குப் பார்க்கச் சாய்த்தால் அது திரும்பக் கிடைக்கும். காசில்லாமல் கிடைக்கிற லாபம்.

இன்னொன்று சூடு. லித்தியம்-அயான் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொது விதி. தட்டோடு பதித்த மொட்டைமாடியில் கோடைப் பகலில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஓடு எவ்வளவு கொதிக்கும் என்று தெரியும். கறுப்புப் பேனல் அதற்கும் மேலே போகும். நான் விளக்கைத் தரையில் வைப்பதை நிறுத்திவிட்டு, வத்தல் காயப்போடும் கயிற்றுக் கட்டிலில் வைத்தேன். அடியில் காற்று ஓடியது. வத்தலுக்குக் காக்காய் விரட்ட உட்கார்ந்திருந்த ஆயா விளக்கையும் சேர்த்துக் காவல் பார்த்தார். அப்புறம், வெயிலில் வைக்கும்போது முழுசாக ஊதாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும்; ஒட்டின ஓரங்கள்தான் அடி வாங்கும். முக்கால் பங்கு ஊதினால் போதும்.

கெட்டி பிளாஸ்டிக் லாந்தரின் பேனல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நாள் முழுக்க வெயிலில் வைத்தும் ராத்திரி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சந்தேகப்பட்டு ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்த்தேன். உள்ளே சின்ன லெட்-ஆசிட் பேட்டரி. அதைக் காலியாக்கி அலமாரியில் போட்டால் உள்ளே சல்பேட் படிந்து சில மாதத்தில் செத்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறை பாதயாத்திரைக்கு எடுக்கிற சாமானுக்கு இதைவிடப் பொருந்தாத பேட்டரி கிடையாது. காரைக்குடிக்காரன் பேட்டரியைப் பற்றிப் பேசினால் நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்த மதிலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனதாலேயே எங்களுக்கெல்லாம் பேட்டரி தெரியும் என்று ஒரு நினைப்பு.

வெளிச்சம்

என் இரண்டு ஊதும் விளக்குகளும் பெட்டியின்மேல் 75 லூமென் என்கின்றன. ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமென். ஆறு மெழுகுவத்தியை ஒரே இடத்தில் ஏற்றிவைத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம். பழைய 40 வாட் குண்டு பல்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் கூடாரத்தின் உச்சிக் கொக்கியில் மாட்டியபோது நான்கு பேர் சீட்டாட அது தாராளம். கையில் இருப்பது ஆடுதனா டயமனா என்று யாரும் சண்டை போடவில்லை. சண்டை வேறு விஷயத்துக்கு நடந்தது. தோப்பில், வெட்டவெளியில், அதே விளக்கு சோற்றுத் தட்டுக்குப் போதும். பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடக்கும் பாதைக்கு அது உதவவே உதவாது. எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிற வெளிச்சம் நம் கண்ணிலும் விழும், முன்னால் இருக்கிற கல் இன்னும் இருட்டாகத் தெரியும்.

பெட்டியில் ‘24 மணி நேரம் எரியும்’ என்று போட்டிருந்தால் அது மிகக் குறைந்த வெளிச்சத்துக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகிறது என்று வைத்தால், 75 லூமெனுக்கு முக்கால் வாட் வேண்டும். 3.7 வாட்-மணி பேட்டரி அதற்கு ஐந்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் தாங்கும். எங்கள் மொட்டைமாடிச் சோதனையில் முழு வெளிச்சத்தில் ராத்திரி எட்டு மணிக்கு ஏற்றியது பன்னிரண்டரைக்கு மேல் மங்க ஆரம்பித்தது. கணக்கு பொய் சொல்லவில்லை, பெட்டிதான் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

நிறத்தையும் பாருங்கள். கெட்டி லாந்தர் நீலம் பாய்ந்த வெள்ளை. ஐப்பசி மழை விட்ட மாலையில் அதைத் தோப்பில் ஏற்றிய கால் மணி நேரத்தில் ஈசல் வந்து கொட்டியது. சாம்பாரில் ஈசல், தண்ணீர்ச் செம்பில் ஈசல். யூஎஸ்பி விளக்கில் மஞ்சள் நிலையும் இருந்தது. அதற்கு மாற்றியபோது கூட்டம் நன்றாகவே குறைந்தது. பூச்சிகளை இழுப்பது நீலமும் அதற்கு அந்தப் பக்கத்துக் கதிர்களும்தான். கூடாரவாசிகளுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கூடுதலாக இருநூறு ரூபாய் கொடுக்கலாம்.

நடை

ஒத்திகை நடையில்தான் சோலார் விளக்கை முதுகுப் பையில் தொங்கவிட்டேன். விளம்பரப் படங்களில் அப்படித்தான் மாட்டியிருப்பார்கள். குன்றக்குடியிலிருந்து பழனி மேற்கே இருக்கிறது, கொஞ்சம் வடக்கே ஒதுங்கி. அதனால் காலையில் வெயில் முதுகில் அடிக்கும், பேனலுக்கு விருந்து. மதியத்துக்கு மேல் வெயில் முகத்தில். முதுகில் தொங்கும் பேனல் நம் நிழலிலேயே வரும். தை மாத வெயில் தெற்கிலிருந்து சாய்வதால், மேற்கே பார்த்து நடப்பவனுக்கு இடது கைப் பக்கம்தான் வெயில் பக்கம். இது தெரிந்த பிறகு பையின் நடுவிலிருந்து கழற்றி இடது தோள்பட்டை வாரில் மாட்டினேன். ஆனாலும் நடக்கும் ஆட்டத்தில், மரநிழலில், முன்னால் போகிறவர் காவடி நிழலில் என்று பாதி வெயில் போய்விடுகிறது.

உண்மையில் நல்ல சார்ஜ் ஏறுவது இளைப்பாறும் நேரத்தில்தான். பாதயாத்திரைக்காரர்கள் விடியுமுன் நடந்து, பதினோரு மணிக்குமேல் எங்காவது ஒதுங்கி, வெயில் தாழ்ந்த பிறகுதான் மறுபடி கிளம்புவார்கள். சூரியன் உச்சியில் இருக்கும் நான்கைந்து மணி நேரம் நாம் நிழலில் படுத்திருப்போம். விளக்கை மட்டும் வெயிலில் வைத்துவிட வேண்டும். ஆனால் தெரியாத ஊரில், நூற்றுக்கணக்கான பேர் நடமாடும் இடத்தில், பளபளவென்று ஒரு பொருளை வெயிலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? நான் தூங்கவில்லை. அம்மான் குறட்டை விட்டார்.

முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் சீமையில் காற்றடிக்கிற எந்தப் பொருளுக்கும் ஜென்ம விரோதி சீமைக்கருவேல முள். திருப்பத்தூர் தாண்டி ஓர் ஊரணிக் கரையில் சோலார்-மட்டும் விளக்கை ஊதி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அது பெருமூச்சு விட்டது. பக்கத்துச் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சொன்னேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது டியூப் ரப்பர் இல்லீக, இதுல சொல்யூசன் நிக்காது” என்றார். நான் கேட்காமல் ஒட்டவைத்தேன். மறுநாள் காலை ஒட்டு தனியாக உரிந்து கிடந்தது. பிவிசி, டிபியூ என்ற இரண்டு வகைப் பிளாஸ்டிக்கில் இந்தப் பைகள் வருகின்றன. இரண்டுக்கும் அதற்கென்று உள்ள பசையோ ஒட்டுப்பட்டையோ வேண்டும். கையில் எடுக்கும்போது மொடமொடவென்று இல்லாமல் தோல் போல இளகியிருக்கும் டிபியூ பையையே பார்த்து வாங்குங்கள், மடித்து மடித்து எடுத்தாலும் சீக்கிரம் வெடிக்காது. ஐபி67 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். அதே ஊரணியில் யூஎஸ்பி விளக்கை அமுக்கிப் பார்த்தோம். அமுக்க முடியவில்லை, பந்து மாதிரி மேலே வந்தது. எரிந்துகொண்டே மிதந்ததைப் பார்க்கக் கரையில் நாலு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். யூஎஸ்பி ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கம் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்குக்கூடக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே கண்மாய்க் கரையில் போய் மின்னும் விளக்கைத் தொங்கவிட்டு விளையாட வேண்டாம்.

நடையில் எனக்குப் பிடிபட்ட பெரிய விஷயம் நிலா. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. பூசத்துக்குப் பழனியில் இருக்க வேண்டும் என்று நடப்பதால் நடக்கிற ராத்திரிகள் எல்லாம் வளர்பிறை. மாலையில் வானத்தில் நிலா இருக்கும். ஆனால் முதல் சில நாட்களில் அது நடுநிசிக்கு முன்னும் பின்னுமாக இறங்கிவிடும். நாம் எழுந்து நடக்கிற இரண்டு மணி முதல் ஐந்து மணி வரைதான் கும்மிருட்டு. நிலா இருக்கிற மாலையில் விளக்கைப் பிரகாசமாக எரியவிட்டுச் சோறு சாப்பிட்டுக் கதை பேசினால், நிலா இல்லாத அந்த நேரத்தில் விளக்கு காலி. போன முறை செல்போனுக்கு நடந்ததும் இதேதான்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு நெற்றி டார்ச்தான். நான்கிலும் மலிவு விலைக்கு அடுத்தபடி இருக்கிற இது ஒன்றுதான் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்டது. கைக்குக் கம்பு, தோளுக்குக் காவடி, நெற்றிக்கு விளக்கு. பார்க்கும் இடத்தில் வெளிச்சம் விழும், கல்லும் கண்ணாடித் துண்டும் தெரியும். எதிரே வருபவரிடம் பேசும்போது மட்டும் அணைக்க வேண்டும், மறந்தால் வசவு. ஊதும் விளக்கை அப்போது முதுகில், மஞ்சள் வெளிச்சத்தில், மிகக் குறைவாக எரியவிட்டு மாட்டினோம். அது நமக்கு வழி காட்ட அல்ல. பின்னால் வருகிற லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரிய. நத்தம் சாலையில் அதிகாலையில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கு

சித்தப்பா மகன் ஒரு கேள்வி கேட்டான்: “பத்தாயிரம் பவர் பேங்க் ஒண்ணு கையில இருந்தா சோலார் எதுக்குண்ணே?” நியாயமான கேள்வி. பத்தாயிரம் மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் வோல்ட்டேஜ் மாற்றத்தில் போவதெல்லாம் போக இந்த விளக்கை ஆறு முறை நிரப்பும். ஒரு வார நடைக்கு அதுவே போதும், பவர் பேங்க் விளக்குக்கு மட்டும் என்றால். ஆனால் அது போன்களுக்கும் உரியது, ஆறு பேர் வீட்டிலிருந்து தினமும் வரும் வீடியோ காலுக்கும் உரியது. தங்கும் சத்திரத்தில் இருக்கிற ஒரு பிளக்குக்கு முப்பது சார்ஜர் வரிசையில் நிற்கும். அந்தச் சண்டையிலிருந்து விளக்கை மட்டுமாவது விலக்கிவைக்கிறது என்பதுதான் நடையில் சோலாரின் பயன். முழு வயிற்றுச் சாப்பாடு யூஎஸ்பியில், நொறுக்குத் தீனி வெயிலில்.

ஆகவே எங்கள் ஆறு பேருக்கு: ஆளுக்கொரு நெற்றி டார்ச், 2,700 ரூபாய். கூட்டத்துக்கு இரண்டு யூஎஸ்பியோடு கூடிய ஊதும் லாந்தர், 3,200. மொத்தம் 5,900. பணம் இடித்தால் ஒரு லாந்தரைக் குறைப்பேனே தவிர டார்ச்சைக் குறைக்க மாட்டேன்.

காரில் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு இடப் பிரச்சினையே கிடையாது. அவர்கள் ஒரு நல்ல ரீசார்ஜ் எமர்ஜென்சி லைட்டை டிக்கியில் போட்டுக்கொண்டால் இதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். கூடாரத்துக்குள் மாட்ட மெத்தென்ற வெளிச்சம் பிடித்திருந்தால் ஊதும் லாந்தர் ஒன்று கூடுதலாக. வீட்டில் கரண்ட் போனால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் எமர்ஜென்சி லைட்தான். ஆயாவுக்கு நான் அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி எழுந்து இரண்டாங்கட்டுக்குப் போகிறவரிடம் ஊதி மாட்டு, வெயிலில் வை என்று சொல்வதெல்லாம் நடக்கிற காரியமா?

350 ரூபாய் கெட்டி லாந்தரை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு முறை விழுந்ததில் அதன் கால் உடைந்தது. அதற்காக நான் அழவில்லை.

எதை வாங்கினாலும் பூசம் முடிந்து பெட்டியில் வைக்கும்போது லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். காலியாகவும் வேண்டாம், முழுசாகவும் வேண்டாம். ஆடியில் ஒரு முறை எடுத்துப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் அடுத்த தைக்கு உயிரோடு இருக்கும். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும் சின்னப் பொட்டுகள் இருக்கிற மாடலாக வாங்கியிருந்தால் இது சுலபம். என் சோலார்-மட்டும் விளக்கில் அவை இல்லை.

முள் குத்திய அந்த விளக்கு இப்போது தோப்புக் காவலர் அண்ணனிடம் இருக்கிறது. தோப்பில் பிளக் கிடையாது. குடிசையின் தெற்குப் பக்கத்து வேப்பங்கிளையில் பகலில் அது தொங்குகிறது. யாரும் நினைவு வைத்து எடுக்கவோ வைக்கவோ வேண்டியதில்லை. ராத்திரி ஒன்றிரண்டு மணி நேரம்தான் அவருக்கு வெளிச்சம் தேவை, அது ஏறிவிடுகிறது. யூஎஸ்பி இல்லாத விளக்குக்கு ஏற்ற இடம் அதுதான். ஓட்டையைப் பற்றிச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் அதை ஊதுவதே இல்லை.